பான்ஃப் மலை ஏரிகளுக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்கரியில் இருப்பதால், மே மாதம் பிறந்ததுமே சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். டொராண்டோவிலிருந்து வருபவர்கள், ஊரிலிருந்து அம்மா அப்பாவை வரவழைத்துக் கூட்டிக்கொண்டு வருபவர்கள், சென்னையிலிருந்து நேரே வந்து இறங்குபவர்கள் என எல்லாருடைய கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டணமும் தேதிகளும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். புறப்படுமுன், தேசியப் பூங்காக்களை நடத்தும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடாவின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஏரிகள்? எங்கே இருக்கின்றன?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரில் இருக்கிறது பான்ஃப் தேசியப் பூங்கா. 1885-இல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஒதுக்கிய சிறு நிலம் வளர்ந்து கனடாவின் முதல் தேசியப் பூங்காவானது. இன்று அதன் பரப்பு 6,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். உள்ளே ஏரிகள் ஏராளம் இருந்தாலும் எல்லாரும் கேட்பது இரண்டைத்தான்: லேக் லூயிஸ், மொரேன் ஏரி.

கல்கரி விமான நிலையத்திலிருந்து பான்ஃப் ஊருக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து லேக் லூயிஸுக்கு இன்னும் 40 நிமிடம். ஒன்றைக் கவனியுங்கள்: லேக் லூயிஸ் என்ற பெயரில் ஒரு சின்ன ஊரும் உண்டு, ஏரியும் உண்டு. ஊர் கீழே நெடுஞ்சாலையோரம் இருக்கிறது, ஏரி அங்கிருந்து சில கிலோமீட்டர் மேலே. ஊரில் இறங்கிவிட்டு "ஏரி எங்கே?" என்று தேடுபவர்களைக் கோடை முழுக்கப் பார்க்கலாம்.

எந்த மாதம் போனால் நல்லது?

ஜூலை. மே மாதம் வந்துவிட்டு "ஏரி எங்கே, வெறும் பனியாக இருக்கிறதே" என்று ஏமாந்து போகிறவர்கள் நிறைய. லேக் லூயிஸ் ஜூன் தொடக்கம் வரைகூட உறைந்து கிடக்கும். மொரேன் ஏரிக்குப் போகும் சாலையே ஜூன் 1 வாக்கில்தான் திறக்கும், அக்டோபர் நடுவில் மூடிவிடுவார்கள். திறந்த முதல் சில நாட்களில் போனால் ஏரியில் தண்ணீரும் குறைவு, நிறமும் மங்கல். ஜூன் பிற்பாதியில் மலைப்பனி உருகி இறங்கித்தான் ஏரி நிரம்பும்.

ஆகஸ்டும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காட்டுத்தீப் புகை வரலாம். சில வருடங்களில் எதிரே நிற்கும் மலையே தெரியாத அளவுக்குப் புகை சூழ்ந்துவிடும். 2024 ஜூலையில் வடக்கே இருக்கும் ஜாஸ்பர் ஊரின் ஒரு பகுதியையே தீ தின்றுவிட்டது. அதனால் முன்பதிவு செய்யும்போது பணம் திரும்பக் கிடைக்கும் வகையாகப் பார்த்துச் செய்யுங்கள்.

செப்டம்பர் கடைசியில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும். ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிரும் சாதி. மொரேன் ஏரிக்கு மேலே இருக்கும் லார்ச் பள்ளத்தாக்கில் அந்த இரண்டு வாரமும் திருவிழாக் கூட்டம்.

மொரேன் ஏரிக்கு நம் காரிலேயே போகலாமா?

முடியாது. 2023 முதல் சொந்த வாகனங்களுக்கு அந்தச் சாலையில் அனுமதி இல்லை. வாடகைக் காரும் அதே கணக்குத்தான். பழைய பயணக் குறிப்புகளில் "விடியற்காலை நாலு மணிக்குப் போய் பார்க்கிங் பிடியுங்கள்" என்று எழுதியிருக்கும். அதை மறந்துவிடுங்கள்.

ஒரே விதிவிலக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை வைத்திருக்கும் வாகனங்கள். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு டொராண்டோவில் அந்த அட்டை வாங்கி வைத்திருந்தால் கையோடு எடுத்து வாருங்கள். மற்றவர்களுக்கு மூன்று வழிகள்: பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பேருந்து, பான்ஃபிலிருந்து ஓடும் ரோம் (Roam) என்ற பொதுப் பேருந்து, உரிமம் பெற்ற தனியார் வேன்கள். சைக்கிளிலும் போகலாம். லேக் லூயிஸ் ஊரிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம்.

ஷட்டில் சீட்டு எப்படி வாங்குவது? எப்போது பார்த்தாலும் தீர்ந்துவிட்டதாகவே காட்டுகிறதே?

இந்தப் பயணமே இந்தச் சீட்டில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஓட்டலும் விமானமும் போட்டுவிட்டு இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சீட்டுகளை இரண்டு தவணையாக விடுகிறார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் வசந்த காலத்தில், பெரும்பாலும் ஏப்ரலில், ஒரே நாளில் திறக்கும். மீதி 60 சதவீதம் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். அது மலைப்பகுதி நேரம், டொராண்டோவில் இருப்பவர்களுக்குக் காலை 10 மணி. ஆக, ஜூனில் தளத்தைப் பார்த்துவிட்டு "தீர்ந்துவிட்டது" என்று மனம் தளர வேண்டாம். பாதிக்கு மேல் இன்னும் விடவே இல்லை என்று பொருள். கணக்கை முன்கூட்டியே உருவாக்கி, உள்நுழைந்து, அட்டை விவரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டடிக்கக் காத்திருங்கள். தட்கல் டிக்கெட் போட்டுப் பழகியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு 8 டாலர், மூத்த குடிமக்களுக்குப் பாதி, 17 வயது வரை இலவசம். முன்பதிவுக் கட்டணம் தனி. பிள்ளைகளுக்கு இலவசம் என்றாலும் அவர்களுக்கும் இடம் பதிவு செய்தாக வேண்டும். காரை லேக் லூயிஸ் பனிச்சறுக்கு மைதானத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்து ஏற வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: எந்த ஏரிக்குச் சீட்டு வாங்கினாலும் இரண்டு ஏரிகளுக்கும் இடையே ஓடும் இணைப்புப் பேருந்தில் ஏறலாம். அதற்கு நேரப் பதிவு கிடையாது, வரிசையில் நின்றால் போதும். மொரேன் சீட்டு தீர்ந்துபோயிருந்தால் லேக் லூயிஸ் சீட்டை வாங்குங்கள், அங்கே இறங்கி இணைப்புப் பேருந்தில் மொரேனுக்குப் போய்விடலாம். ஆனால் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை இறங்கியதுமே பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் திரும்புகிற வரிசை நீளமானது.

லேக் லூயிஸுக்காவது கார் போகுமா?

போகும். நிறுத்த இடம் கிடைக்குமா என்பது வேறு விஷயம். கோடையில் விடியற்காலையிலேயே நிறைந்துவிடும். கட்டணமும் ஒரு நாளைக்கு 40 டாலர் வாக்கில். நான்கு பேர் ஷட்டிலில் போனால் அதைவிடக் குறைவுதான். காரேதான் வேண்டும் என்றால் மாலை 6 மணிக்கு மேல் போங்கள். ஜூலையில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், பேருந்துக் கூட்டமும் கரைந்திருக்கும். என்னைக் கேட்டால் அந்த ஏரிக்கு மாலைதான் நல்லது.

பூங்கா நுழைவுக் கட்டணம் தனியா?

ஆமாம். ஷட்டில் சீட்டில் அது சேராது. பெரியவருக்கு நாளொன்றுக்கு 11 அல்லது 12 டாலர், ஒரே வண்டியில் வரும் குடும்பத்துக்கு அதில் இரண்டு மடங்கு, 17 வயது வரை கட்டணமில்லை. ஒரு வாரம் தங்குவதாக இருந்தால் வருடாந்தர டிஸ்கவரி பாஸ் லாபம். 2025 கோடையில் எல்லாருக்கும் இலவசமாக்கியிருந்தார்கள். நீங்கள் போகும் வருடம் அப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தண்ணீர் நிஜமாகவே அந்த நிறம்தானா, இல்லை போட்டோவில் கூட்டிவிடுகிறார்களா?

நிஜம்தான். ஏரிக்கு மேலே பனியாறுகள் இருக்கின்றன. பனிக்கட்டி தன் கனத்தால் நகரும்போது அடியில் இருக்கும் பாறையை அரைத்துக்கொண்டே வருகிறது. அந்தப் பாறைமாவு அவ்வளவு நைசானது என்பதால் தண்ணீரில் அடியில் தங்காமல் மிதந்துகொண்டே இருக்கும். சூரிய ஒளி அதில் பட்டு நீலமும் பச்சையும் சிதறி நம் கண்ணுக்கு வருகின்றன. பனி உருகி மாவு வந்துகொண்டிருக்கும் ஜூலை, ஆகஸ்டில் நிறம் ஏறி நிற்பது இதனால்தான். கரையில் குனிந்து கையில் அள்ளிப் பார்த்தால் வெறும் தண்ணீர்தான், நீலம் இருக்காது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தவறாமல் இதைச் செய்து பார்ப்பார்கள்.

மொரேன் ஏரியில் கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பெரிய பாறைக்குவியல் இருக்கிறது. பின்பக்கமாகப் படிகள் உண்டு, பத்துப் பதினைந்து நிமிட ஏற்றம். உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் நிறம் முழுதாகத் தெரியும். ஏரியைச் சுற்றி நிற்கும் பத்துச் சிகரங்களையும் சேர்த்து, கனடாவின் பழைய 20 டாலர் நோட்டின் பின்பக்கத்தில் இந்தக் காட்சியைத்தான் போட்டிருந்தார்கள். 1969 வரிசை நோட்டிலும் 1979 வரிசையிலும் பார்க்கலாம். மேலே உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் தரை அணில்கள் மடிவரை வந்துவிடும். பார்க்கப் பாவமாக இருக்கும். கொடுக்காதீர்கள். காட்டுயிருக்குத் தீனி போடுவது குற்றம், அபராதம் 25,000 டாலர் வரை போகும்.

லேக் லூயிஸ் என்ற பெயர் யாருடையது?

விக்டோரியா ராணியின் மகள் லூயிஸ் கரோலின் ஆல்பர்ட்டா. மாகாணத்தின் பெயரும் அவருடையதே. அவர்களுக்கெல்லாம் முன்பே இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஸ்டோனி நகோடா மக்கள் இந்த ஏரியை அறிந்திருந்தார்கள், சின்ன மீன்களின் ஏரி என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். 1882-இல் ரயில்பாதை வேலைக்கு வந்த டாம் வில்சனை இங்கே கூட்டிவந்து காட்டியதும் அவர்களில் ஒருவர்தான். பெயர்ப்பலகைகளில் வில்சன்தான் கண்டுபிடித்தவராக வருவார்.

ஏரியில் குளிக்கலாமா?

தடை இல்லை. ஆனால் பனியாறு உருகிய தண்ணீர் அது, நடுக்கோடையிலும் பத்து டிகிரியைத் தொடவே தயங்கும். கால் நனைத்தால் ஒரு நிமிடத்தில் எலும்பு வலிக்கும். குற்றாலத்தில் குளித்த தைரியத்தில் யாரும் குதிக்க வேண்டாம். இவ்வளவு குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் முதலில் மூச்சு கட்டுப்பாடில்லாமல் இழுக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் முழுகிவிடுவார். இங்கே மீட்புப் பயிற்சியில் 1-10-1 என்று சொல்லித்தருவார்கள்: மூச்சு சீராக ஒரு நிமிடம், கைகால் நாம் சொன்னபடி அசையப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். படகில் போகும்போது லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

குளிக்க ஆசை என்றால் பான்ஃப் ஊரில் வெந்நீர் ஊற்றுக் குளம் இருக்கிறது. அம்மா அப்பாவுக்கும் அது பிடிக்கும்.

படகு வாடகை எவ்வளவு? நாங்களே ரப்பர் படகு கொண்டுவரலாமா?

இரண்டு ஏரிகளிலும் சிவப்பு, நீலக் கேனோக்கள் வாடகைக்குக் கிடைக்கும். மணிக்கு 150 டாலருக்கு மேல். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். ஒரு படகில் மூன்று பேர்வரை உட்காரலாம். அவ்வளவு கொடுத்து அரை மணி நேரம் துடுப்போடு போராடி, போட்டோ எடுத்து, கை வலியோடு இறங்குவதைவிட அந்தப் பணத்தில் பான்ஃப் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் மின்னவாங்கா ஏரியில் குடும்பத்தோடு சொகுசுப் படகில் போகலாம் என்பது என் எண்ணம்.

சொந்தப் படகு கொண்டுவரலாம், காற்றடித்த ரப்பர் படகாக இருந்தாலும் சரி. ஆனால் முன்பே சுயசான்று அனுமதி எடுத்திருக்க வேண்டும். படகையும் துடுப்பையும் கழுவி, நீர் வடித்து, காயவைத்தேன் என்று நீங்களே உறுதி சொல்லும் படிவம் அது. வெட்டி வேலை என்று நினைக்காதீர்கள். டிரவுட் மீன்களைத் தாக்கும் ஒரு ஒட்டுண்ணி நோய், நோயுற்ற மீன் சுழன்று சுழன்று நீந்தும், 2016-இல் கனடாவிலேயே முதன்முதலாக இந்தப் பூங்காவின் ஜான்சன் ஏரியில்தான் தெரிந்தது. 2023-இல் பக்கத்து யோஹோ பூங்காவின் எமரால்டு ஏரியிலும் கண்டார்கள். ஈரப் படகிலும் காலணிச் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு ஏரி விட்டு ஏரி போகக்கூடியது.

மீன் பிடிக்கலாமா?

தேசியப் பூங்காவின் அனுமதிச்சீட்டு வேண்டும், ஆல்பர்ட்டா மாகாண உரிமம் இங்கே செல்லாது. இந்த மண்ணுக்கே உரிய புல் டிரவுட் போன்ற மீன்கள் மாட்டினால் திரும்ப விட்டுவிட வேண்டும். குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் கல்கரியிலேயே வாங்கிவிடுங்கள்.

அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா? உயரத்தில் மூச்சு வாங்குமா?

தாராளமாகக் கூட்டி வாருங்கள். லேக் லூயிஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர், மொரேன் 1,880 மீட்டர். கொடைக்கானல் இதைவிட உயரம். அங்கே போய் வந்தவர்களுக்கு இங்கே உயரத்தால் தொல்லை வராது. குளிர்தான் பிரச்சினை. ஜூலை மதியம் 20 டிகிரி இருக்கும், மேகம் ஒன்று சூரியனை மறைத்தால் உடனே ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும். சேலை கட்டுகிற அம்மாக்களுக்கு உள்ளே தெர்மல், காலுக்குச் சாக்ஸோடு ஷூ. செருப்பு வேண்டாம்.

லேக் லூயிஸ் கரையோரப் பாதை சமதளம், ஏரியின் மறுமுனை வரை சுமார் இரண்டு கிலோமீட்டர். சக்கர நாற்காலியும் பெரும்பகுதி ஓடும். கரையிலிருக்கும் ஓட்டலுக்கு முன்னால்தான் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். கால் மணி நேரம் நடந்தால் பாதி குறைந்துவிடும், மறுமுனையில் பனியாற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்து சேரும் இடத்தில் பேச்சுச் சத்தமே கேட்காது. பெரும்பாலானோர் அந்தக் கால் மணி நேரம் நடப்பதில்லை. பேருந்து, போட்டோ, அடுத்த ஏரி என்று ஒரே நாளில் ஐந்து ஏரிகளை முடிக்கத் திட்டம் போட்டு என்னிடம் அனுப்புவார்கள். நான் மூன்றை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புவேன்.

கொஞ்சம் ஏறி நடக்க ஆசை. எந்தப் பாதை?

ஆக்னஸ் ஏரித் தேநீர்க் கடை. லேக் லூயிஸ் கரையிலிருந்து ஒருவழி மூன்றரை கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம். நிதானமாக ஏறினால் ஒன்றரை மணி நேரம். வழியில் மிரர் ஏரி என்று ஒரு குட்டிக் குளம். அதுவரை குதிரைகளும் போவதால் காலடியைப் பார்த்து நடங்கள். மேலே மரத்தாலான சிறிய கடை, 1905 முதல் தேநீர் போடுகிறார்கள். மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. பருவத் தொடக்கத்தில் மாவும் சர்க்கரையும் ஹெலிகாப்டரில் வந்துவிடும். புதிதாக வேண்டியவற்றைப் பணியாளர்கள் முதுகில் சுமந்து ஏறுவார்கள், குப்பையையும் அப்படியே இறக்குவார்கள். பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்த நம்மூர் டீயை எதிர்பார்க்காதீர்கள், ஆனாலும் அந்த ஏற்றத்துக்குப் பிறகு எதுவும் தேவாமிர்தம்தான். நோட்டாகப் பணம் வைத்திருங்கள். பத்து மணிக்குள் போய்விட்டால் வரிசை குறைவு.

இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் ஆறு பனியாறுகளின் சமவெளிக்குப் போகும் பாதை. ஒருவழி ஐந்தரை கிலோமீட்டர், அங்கேயும் ஒரு தேநீர்க் கடை உண்டு. எதிரே விக்டோரியா மலையில் பனி சரிந்து விழும் சத்தம் இடிபோலக் கேட்கும்.

கரடி வருமா?

வரலாம். கருங்கரடி, கிரிஸ்லி இரண்டும் இங்கே உண்டு. சாலையோரம் பார்த்தால் காரைவிட்டு இறங்காதீர்கள். நடைபாதையில் என்றால் 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, மான் வகைகளுக்கு 30 மீட்டர். கரடியைத் திடுக்கிட வைக்காமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. கூட்டமாக, சத்தமாகப் பேசிக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள். நம் குடும்பங்களுக்கு இதில் தனிப்பயிற்சி எதுவும் தேவையில்லை.

கரடி ஸ்ப்ரே ஒன்று இடுப்பில் இருக்கட்டும். பையின் அடியில் இருந்தால் பயனில்லை. விமானத்தில் கொண்டுவர முடியாது, இங்கேயே வாங்கலாம் அல்லது வாடகைக்கு எடுக்கலாம். இது கொசு மருந்துபோல உடம்பில் அடித்துக்கொள்வதல்ல! பாய்ந்து வரும் கரடியின் முன் மேகம்போல அடிப்பது. லார்ச் பள்ளத்தாக்கு, கன்சொலேஷன் ஏரிகள் பக்கம் சில பருவங்களில் நான்கு பேருக்குக் குறையாமல் நெருங்கி நடக்க வேண்டும் என்று சட்டமே போடுவார்கள். இரண்டு பேராகப் போனால் பாதை முகப்பில் நின்று இன்னொரு ஜோடியைச் சேர்த்துக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

கட்டாயம் கட்டிக்கொண்டு போங்கள். ஏரிக்கரையில் கிடைப்பது குறைவு, விலை அதிகம். பூங்காவுக்கு வெளியே கான்மோர் ஊரிலேயே சாமான் வாங்கிவிடுங்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் நன்றாகத் தாங்கும். வாசனைதான் விஷயம். கரடிக்கு மூக்கு மிகக் கூர்மை. சாப்பிட்ட பாத்திரம், ஊறுகாய்ப் பொட்டலம், ஐஸ்பெட்டி, காலித் தட்டு எதையும் மேசைமேல் விட்டுவிட்டு ஐந்து நிமிடம்கூட நகரக்கூடாது. முகாமில் தங்குபவர்களுக்கு இதில் அபராதமும் உண்டு. லேக் லூயிஸில் கூடாரம் போடும் முகாமைச் சுற்றி மின்வேலியே போட்டிருக்கிறார்கள்.

குப்பைத்தொட்டியின் மூடி முதலில் திறக்காது. கைப்பிடிக் குழிக்குள் விரலை மேல்நோக்கி விட்டால் உள்ளே ஒரு தகடு தட்டுப்படும், அதை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். கரடியின் பாதம் அந்தக் குழிக்குள் நுழையாது.

கூட்டம் வேண்டாம். வேறு ஏரி சொல்லுங்கள்.

லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் போகும் ஐஸ்ஃபீல்ட்ஸ் சாலையில் அரை மணி நேரம் போனால் போ லேக். கரைவரை கார் போகும், பதிவு எதுவும் வேண்டாம். அடுத்துச் சில கிலோமீட்டரில் பீட்டோ ஏரி. உயரமான மேடையிலிருந்துதான் பார்க்க வேண்டும், ஓநாயின் தலைபோலத் தெரியும். அந்த 230 கிலோமீட்டர் சாலையில் பெட்ரோல் நடுவே ஓரிடத்தில்தான், கைபேசி சிக்னல் அநேகமாகக் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டு டாங்கை நிரப்பிவிட்டுப் புறப்படுங்கள்.

பான்ஃப் ஊருக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்றால் மின்னவாங்கா. அணை கட்டி 1941-இல் நீர்மட்டம் உயர்ந்தபோது கரையிலிருந்த கோடைவாசஸ்தலம் ஒன்று மூழ்கிப்போனது. இன்றும் ஸ்கூபா வீரர்கள் இறங்கி அதன் அடித்தளங்களைப் பார்த்துவருகிறார்கள்.

குளிர்காலத்தில் வரலாமா?

லேக் லூயிஸுக்கு வரலாம். உறைந்த ஏரிமேல் ஸ்கேட்டிங் செய்யலாம், குதிரை வண்டி உண்டு, காரும் தாராளமாக நிறுத்தலாம். மொரேன் சாலை பனிச்சரிவு அபாயத்தால் மூடியிருக்கும். ஐஸ்ஃபீல்ட்ஸ் சாலையில் நவம்பர் முதல் மார்ச் முடிய குளிர்கால டயர் கட்டாயம், வாடகைக் கார் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

கூடாது.